காரணம் இல்லாத காரணம்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. யார் எதைச் செய்தாலும் அதற்குக் காரணம் என்ன என்று கேட்பான். காரணம் கிடைக்காவிட்டால் தானே ஒன்றை உண்டுபண்ணி வைப்பான். கதாநாயகி ஏழாம் அத்தியாயத்தில் அழுதால், நாலாம் அத்தியாயத்திலேயே அதற்கு விதை போட்டிருக்க வேண்டும். கதாநாயகன் ஊரை விட்டு ஓடினால், அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு கடனோ, காதலோ, அவமானமோ நேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். கடிதம் எழுதிவிடுவார்கள்.

கதையில் இந்தப் பழக்கத்தால் பெரிய தீங்கு ஒன்றும் விளைவதில்லை. ஆனால் நான் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனேன். அதன் பலனாக என் சொந்தத் தங்கையுடன் ஒன்றரை வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அந்தக் கதையையும், அதை எனக்குப் புரியவைத்த ஒரு பிரெஞ்சுப் புஸ்தகத்தையும் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அப்போது தங்கைக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு வரன் வந்தது. நல்ல வரன். பையனுக்குச் சர்க்கார் உத்தியோகம், படித்த குடும்பம், ஜாதகமும் பொருந்தியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பையன் அடக்கமாகப் பேசினான். அப்பாவுக்குப் பிடித்தது. பெரியப்பாவுக்குப் பிடித்தது. எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகமாகப் பிடித்தது.

தங்கை மட்டும், "யோசிச்சுச் சொல்றேன் அண்ணா" என்றாள்.

பிறர் யோசிப்பதற்கு உதவி செய்வதென்றால் எனக்குத் தனி உற்சாகம். ஒரு காகிதத்தை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'சாதகம்' என்றும் மறுபக்கம் 'பாதகம்' என்றும் தலைப்புப் போட்டேன். சாதகத்தில் ஒன்பது தேறியது. பாதகத்தில் இரண்டே இரண்டு: ஊர் தூரம்; மேலே படிக்க முடியாமல் போகலாம். காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மாலை. வாழையிலைக் கட்டு தாழ்வாரத்தில் கிடந்தது. அம்மா தாம்பாளங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். சமையல்காரர் சாமான் பட்டியலை அப்பாவிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தங்கை கூடத்துக்கு வந்து நின்று, "எனக்கு இது வேண்டாம் அப்பா" என்றாள். அவள் குரல் உயரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு ஜலம் இல்லை.

வேறு யாராவது மனத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பையனைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாயா என்றேன். "இல்லை. அவர் நல்லவர்தான்."

"பின்னே ஏன்?"

"தெரியலை அண்ணா. ஆனா வேண்டாம்."

காரணம் சொல்லத் தெரியாதவளுக்கு மறுக்க என்ன உரிமை என்று கத்தினேன். அன்று இரவே அப்பா பிள்ளை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் யாரிடமும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் மௌனம்.

குடும்பங்களில் இப்படிப்பட்ட மௌனங்கள் கலைகிற மாதிரியே எங்களுடையதும் கலைந்தது. யாருக்கோ உடம்புக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காத்திருந்தோம், காபி வாங்கிக் கொடுத்தேன், பேச்சு வந்துவிட்டது. பிறகு அவளுக்கு வேறு இடத்தில் விவாகம் ஆயிற்று. ஆனால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என் மனத்தில் மட்டும் அந்த "ஏன்?" அப்படியே கிடந்தது.

பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு பழைய புஸ்தகக் கடையில் 'டைம் அண்டு ஃப்ரீ வில்' என்ற புஸ்தகத்தைக் கண்டேன். காலமும் சுதந்திர சித்தமும் என்று சொல்லலாம். எழுதியவர் ஹென்றி பெர்க்ஸன். 1910-ல் வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அது. தலைப்பில் காலம் இருக்கிறதே, கதைக்கு ஏதாவது உதவும் என்று வாங்கினேன். வாங்கியபோது தங்கையின் நினைவே எனக்கு இல்லை.

பெர்க்ஸன் 1859-ல் பாரிஸில் பிறந்தவர். தகப்பனார் போலந்து தேசத்து யூதர், சங்கீதக்காரர்; தாயார் இங்கிலாந்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பிள்ளை கணக்கில் புலி. அகில பிரான்ஸ் போட்டியில் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். அப்படிப்பட்டவர் கணக்கை விட்டுத் தத்துவத்துக்கு வந்தார். 1883 முதல் 1888 வரை கிளெர்மான்-ஃபெரான் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். அங்கேதான் இந்தப் புஸ்தகம் அவர் மனத்தில் உருவாயிற்று. டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சி அது. 1889-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பது.

பிற்காலத்தில் அவர் அடைந்த கீர்த்தி அபாரமானது. காலேஜ் த ஃபிரான்ஸில் அவர் பிரசங்கம் என்றால் மண்டபம் கொள்ளாது. பெரிய மனுஷர்கள் இடம் பிடித்து வைக்க வேலைக்காரர்களை முன்கூட்டியே அனுப்புவார்களாம். தத்துவத்துக்கு நோபல் பரிசு கிடையாது. ஆகையால் 1927-ஆம் வருஷத்துக்குரிய இலக்கியப் பரிசை அவருக்குக் கொடுத்தார்கள். 1941 ஜனவரியில், ஜெர்மானியர் வசம் இருந்த பாரிஸில் காலமானார். ஆனால் அவ்வளவுக்கும் வித்து, அந்தப் பள்ளி ஆசிரியர் எழுதிய முதல் புஸ்தகத்தில் இருக்கிறது.

புஸ்தகத்தின் அடிப்படை விஷயம் ஒன்றுதான். எதை எண்ணலாம், எதை எண்ண முடியாது என்பது.

ஒரு மந்தையில் ஐம்பது ஆடுகள் இருக்கின்றன என்கிறோம். இடையனைக் கேட்டால் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அடையாளம் சொல்லுவான். ஆனால் ஐம்பது என்று எண்ணும்போது அந்த வித்தியாசங்களை எல்லாம் தள்ளிவிடுகிறோம். எல்லாம் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டு, மனத்துக்குள்ளே ஒரு வெட்டவெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறோம். அப்போதுதான் எண்ண முடியும். எண்ணுவதற்கு இடம் வேண்டும் என்கிறார் பெர்க்ஸன்.

அடுத்து கடிகாரத்துக்கு வருகிறார். அவர் எழுதிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் எங்கோ மணி அடிக்கிறது. கவனம் எழுத்தில் இருந்ததால் அவர் எண்ணவில்லை. சில அடிகள் விழுந்த பிறகுதான் காது விழித்துக்கொள்கிறது. ஆனாலும் சற்றுப் பின்னால் திரும்பிக் கேட்டால், மணி நாலு என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி? அந்த அடிகள் நாலு தனி ஆடுகளாக வந்து நிற்கவில்லை. ஒன்றோடு ஒன்று கரைந்து, ஒரு ராகத்தின் பிடி மாதிரி காதில் தங்கியிருந்தன. மூன்று அடி என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பிடி அமையவில்லை. நாலு என்றால் அமைகிறது.

நம் உள்ளத்தில் ஓடும் காலம் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. அதற்கு அவர் பிரெஞ்சில் 'டுரே' என்று பெயர் வைத்தார். நீடிப்பு என்று தமிழில் சொல்லலாம். கடிகாரத்தின் காலம், இடத்தைப் பார்த்து வரைந்த காலம். அதைத் துண்டு போடலாம், அளக்கலாம், சம்பளம் கணக்கிடலாம். உள்ளத்தின் காலத்தில் நேற்று இன்றைக்குள் கரைந்து கிடக்கிறது. ஒரு ஸ்வரத்தை மட்டும் தனியே உருவி எடுக்க முடியாது; எடுத்தால் ராகமே மாறிவிடும்.

இதெல்லாம் படிக்க இனிமையாகத்தான் இருந்தது. சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே இரண்டு அத்தியாயங்களைத் தாண்டிவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மனிதன் ஒரு முடிவுக்கு எப்படி வருகிறான் என்பதை அங்கே ஆராய்கிறார். சாதாரணமாக நாம் நினைப்பது என்ன? மனம் ஒரு தராசு, காரணங்கள் எடைக்கற்கள், எந்தத் தட்டு தாழ்கிறதோ அந்தப் பக்கம் முடிவு. இது தப்பு என்கிறார் பெர்க்ஸன். மனத்தில் உள்ள விருப்பும் வெறுப்பும் கற்களைப் போல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைக்கிற வஸ்துக்கள் அல்ல. யோசிக்கிற நேரத்திலேயே யோசிக்கிறவன் மாறிக்கொண்டிருக்கிறான். அவனோடு அந்த விருப்பும் வெறுப்பும் மாறுகின்றன. தராசே வளர்ந்துகொண்டிருக்கும்போது எதை எடை போடுவது?

எனக்கு அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. ஒன்பதுக்கு இரண்டு. ஒன்பது ஆடுகள் ஒரு பட்டியில்; இரண்டு ஆடுகள் மறு பட்டியில்.

மேலே படித்தேன். நமக்குள்ளே இரண்டு 'நான்' இருக்கிறது என்கிறார். மேல்பரப்பில் இருப்பது ஒன்று. ஊராரிடம் பேசுவதற்கும், கொடுக்கல் வாங்கலுக்கும், வழக்கமான நேரத்தில் எழுந்து வழக்கமான வேலையைப் பார்ப்பதற்கும் அது போதும். நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட அபிப்பிராயங்கள் அதன்மேல், குளத்துத் தண்ணீரில் உதிர்ந்த இலைகள் மிதப்பதுபோல் மிதக்கின்றனவாம். அடியில் இருப்பது இன்னொன்று. நாம் வாழ்ந்த வாழ்வு முழுவதும் கரைந்து சேர்ந்தது அது. அதற்குப் பெயர் வைக்க வார்த்தை இல்லை. அன்பு, வெறுப்பு என்று எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லுகிறோம். ஆனால் ஒவ்வொருவனும் தன் தனி வழியில்தான் அன்பு வைக்கிறான், வெறுக்கிறான்.

அதன் பிறகு வருகிற பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். ஒருவர் வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கைக்குரிய நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசனை சொல்லுகிறார்கள். அந்த யோசனைகள் அவர் மனத்தின் மேற்பரப்பில் படிந்து, மெள்ள மெள்ள இறுகி, ஓடாகிவிடுகின்றன. தன்னுடைய சொந்த உணர்ச்சியை அந்த ஓடு மூடிவிடுகிறது. தாமாகவே தீர்மானித்துவிட்டதாக அவரும் நினைக்கிறார். ஆனால் காரியம் நடக்கப் போகிற கடைசி நிமிஷத்தில், அடியில் இருக்கிற 'நான்' பொங்கி மேலே வருகிறது. ஓடு வெடிக்கிறது. அவர் மறுத்துவிடுகிறார். ஏன் என்று பிற்பாடு அவரே தேடிப் பார்த்தால் ஒரு காரணமும் அகப்படவில்லை. எல்லாக் காரணங்களுக்கும் விரோதமாகவே நடந்திருக்கிறார். சில சமயங்களில் அதுவே எல்லாவற்றிலும் மேலான காரணம் என்று பெர்க்ஸன் முடிக்கிறார்.

புஸ்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுத் தாழ்வாரமும், வாழையிலைக் கட்டும், சமையல்காரர் பட்டியல் வாசித்த குரலும் திரும்பி வந்தன. எங்களை ஒருபோதும் பார்த்திராத ஒரு பிரெஞ்சுக்காரர், அந்தச் சாயங்காலம் நடப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே அதை எழுதி வைத்திருந்தார்.

ஆனாலும் நான் லேசில் விடுகிற பேர்வழி அல்ல. ஒரு சந்தேகம் எழுந்தது. காரணம் இல்லாத மறுப்பெல்லாம் சுதந்திரமா? அப்படியானால் குழந்தை, "எனக்குச் சாதம் வேண்டாம்" என்று அடம் பிடிக்கிறதே, அதுவும் சுதந்திரம்தானா? பெர்க்ஸன் அவ்வளவு மலிவாக விற்கவில்லை. மனிதனுடைய முழு ஸ்வரூபத்திலிருந்தும் பிறந்து, படைத்தவனின் சாயல் படைப்பில் தெரிகிறாற்போல, செய்தவனின் சாயல் தெரிகிற செயலைத்தான் அவர் சுதந்திரம் என்கிறார். அப்படிப்பட்ட செயல்கள் அபூர்வம். அதை ஒருமுறைகூட அறியாமலே பலர் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள் என்றும் சொல்லுகிறார். ஆனால் இது அடம், இது சுதந்திரம் என்று வெளியே நிற்கிறவன் எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? அந்த உரைகல்லை அவர் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது என்பதுதான் அவர் கட்சி என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு அழகான வாதம் வைத்திருக்கிறார். ஒருவன் என்ன முடிவு செய்யப்போகிறான் என்பதை, அவனைப் பற்றி எல்லாம் அறிந்த இன்னொரு தத்துவஞானி முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? எல்லாம் அறிவதென்றால் என்ன? அவன் உணர்ச்சிகளின் அழுத்தத்தை அறிய வேண்டும். அதை அறிய, அதே உணர்ச்சிகளை அதே வரிசையில், ஒரு நிமிஷமும் குறைக்காமல் தானும் அனுபவிக்க வேண்டும். அப்படி அனுபவித்தால் அந்தத் தத்துவஞானியும் அவனும் இரண்டு பேர் அல்ல, ஒரே ஆள்தான். அப்போது ஜோசியம் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? முடிவு செய்வதுதான் பாக்கி! வேறு ஒரு வழி உண்டு. கதாபாத்திரங்களை எங்கே கொண்டுபோகிறோம் என்று அறிந்த நாவலாசிரியரைப் போல, முடிவை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

அந்த இடத்தில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. கூடத்தில் நின்று தங்கையை அதட்டிய அன்று, அவள் வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்தை நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். அதற்குத் தகுந்தபடி அவள் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் என் கோபம்.

நாவலாசிரியர்களைப் பற்றிப் புஸ்தகத்தில் வேறோர் இடத்திலும் சொல்லுகிறார். தைரியமுள்ள நாவலாசிரியன் ஒருவன், நாம் ஊருக்காக நெய்து தொங்கவிட்டிருக்கும் திரையைக் கிழித்து, ஒழுங்கான காரணங்களுக்கு அடியில் இருக்கிற குழப்பத்தைக் காட்டுகிறான். நம்மைவிட நம்மை நன்றாக அறிந்தவன் என்று அவனைக் கொண்டாடுகிறோம். ஆனால் அவனும் உணர்ச்சியை வார்த்தையாக்கி வரிசைப்படுத்தித்தானே காட்டவேண்டியிருக்கிறது? ஆகவே அவன் காட்டுவதும் நிழல்தான். நிழல் விழச் செய்த வஸ்து எப்படிப்பட்டது என்று நம்மைச் சந்தேகிக்க வைக்கிற மாதிரி அந்த நிழலை அமைக்கிறான். அவ்வளவுதான் அவன் சாமர்த்தியம். எங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு மரியாதையாகவும் இவ்வளவு கண்டிப்பாகவும் வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அவள் மறுத்தது சரிதானா? அந்தப் பையன் வேறு பெண்ணை மணந்து சௌக்கியமாக இருக்கிறார் என்று கேள்வி. தங்கையும் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். எல்லாக் குடித்தனத்திலும் உள்ள சுகமும் கஷ்டமும் அவளுக்கும் உண்டு. அந்த வழியில் போயிருந்தால்? இதற்கும் புஸ்தகத்தில் பதில் இருந்தது. ஒரு பாதை வந்து இரண்டாகப் பிரிகிற மாதிரி ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, இந்தப் படம் பொய் என்கிறார் பெர்க்ஸன். நடந்து முடிந்த பிறகுதான் இதை வரைய முடியும். நடக்கிறபோது அங்கே இரண்டு பாதைகள் தயாராகக் காத்திருக்கவில்லை. தயங்கித் தயங்கி வளர்ந்துகொண்டிருந்த ஓர் உயிர்தான் இருந்தது. பழுத்த பழம் காம்பை விட்டு விழுகிற மாதிரி அதிலிருந்து செயல் பிறந்தது. கிளைப் பாதையில் நின்றுகொண்டு பிற்பாடு தீர்ப்புச் சொல்வது, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு பிரயாணத்தைத் திருத்துவது போலத்தான்.

அடுத்த மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போயிருந்தார். அவள் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். புஸ்தகத்தைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். ஆடு, கடிகாரம், குளம் எல்லாம் சொன்னேன். ஓடு வெடிக்கிற இடத்துக்கு வந்தபோது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அன்னிக்கு உன்னைக் காரணம் கேட்டுக் கத்தினேனே, அது தப்பு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நார் உரிப்பது மட்டும் நின்றது.

"அது போகட்டும் அண்ணா. ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஒன்பதுக்கு இரண்டு."

"அந்த ஒன்பதும் நீ எழுதினது. அந்த ரெண்டும் நீ எழுதினதுதான். ஊர் தூரம்னு நான் சொல்லலை. மேலே படிக்கணும்னும் நான் சொல்லலை. நீ எங்கிட்டே பேனாவைக் கொடுக்கவே இல்லையே!"

நான் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து அவள் உள்ளே போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். அதைக் குடித்துவிட்டு, குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரையில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி உள்ளே வந்துவிடுகிறாள். அவள் ஏன் திரும்பினாள் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நேற்று அந்த அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும்.